பூட்டிய வீட்டின் பங்கு

சந்தூர் தாண்டி வலப்பக்கம் திரும்பினால்
பலகை எதுவும் இல்லை.
தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள்:
தோப்பு பார்க்க வருகிறவர்கள் வரலாம்.
அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து:
பை கொண்டுவராதீர்கள்.

நானும் ஷகிராவும் கொண்டுவந்திருந்தோம்.
நாலாய் மடித்து ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்தோம்.

இருபத்துமூன்று வீடுகளுக்குப் பொது.
எந்த மரம் யாருடையது என்று கேட்டதற்கு
கோவிந்தி இடுப்பில் செருகியிருந்த நோட்டை உருவினாள்.
மரத்துக்குப் பெயர் இருந்தது,
ஆளுக்கு மரம் இல்லை.

வரப்பில் நிற்பது வழக்கு,
ஒன்பது வருஷம் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போய்வந்ததாம்.
சில்லறையாய்க் காய்க்கிற நீலம், கண்டக்டர்.
ஒரு வருஷம் பேசி ஒரு வருஷம் பேசாத மல்கோவா
சம்பந்தி.
இது பேசாத வருஷம்.
ஒரு பிஞ்சுகூட இல்லாமல்
பச்சையாய், மொறைப்பாய் நின்றது.

கிணற்றோரத்து மரத்துக்கு நோட்டில் பெயரில்லை.
யாரோ துப்பிய கொட்டையில் முளைத்தது.
செந்தூராவும் இல்லை, பெங்களூராவும் இல்லை,
கூழ் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள்.
அதைப் பார்க்கத்தான் முப்பது கிலோமீட்டர் வந்தோம்.

பறித்தது கணக்கு,
விழுந்தது வந்தவர்களுக்கு.
அதனால் நின்றோம்,
முப்பத்தெட்டு வயதில் இரண்டு பேர்
அண்ணாந்து, வாய் திறந்து.
டேம் பக்கமிருந்து காற்று வந்தது.
முதல் பழம் கிணற்றுக்குள் விழுந்தது.
இரண்டாவதை நாய் கொண்டுபோனது.
மூன்றாவது ஷகிராவின் தோளில்.
முதலில் கற்பூரம், அப்புறம் புளி,
அப்புறம் நார், நார், நார்.
பல்லிடுக்கில் சிக்கியதை
நாக்கால் நெம்பிக்கொண்டே நடந்தோம்.

பூவிலேயே மொத்தமாய் விலை பேச
ஜூஸ் கம்பெனி ஆள் வந்தானாம்.
"என்ன சொன்னீங்க?"
"காப்பி குடுத்தோம்" என்றார் திம்மராயன்.

மதியம் தராசு வந்தது.
சாக்கு விரித்து இருபத்துமூன்று குவியல்.
காம்புப் பால் பட்டுக் கன்னம் வெந்த பையன்
ஒவ்வொரு வீடாய்க் கூப்பிட்டான்.
வந்தார்கள், கைநாட்டு வைத்தார்கள், போனார்கள்.
ஒன்று மீந்தது.

"லகுமையா வீடு. பூட்டி மூணு வருஷமாச்சு."
"எங்க போனாங்க?"
"திருப்பூர்னாங்க. அப்புறம் போன் எடுக்கல."
"பங்கு?"
"பங்கு பங்குதான்."
ஒவ்வொரு பறிப்புக்கும் அந்த வாசல்படியில் வைக்கிறார்கள்.
எறும்பு தின்கிறது, அணில் தின்கிறது,
ட்யூஷன் போகிற பிள்ளைகள் தின்கிறார்கள்.

நான் கூரியர் கம்பெனியில் இருக்கிறேன்.
ஒரு நாளைக்கு நாற்பது கதவு.
'கதவு பூட்டியிருந்தது' என்று
ரசீதில் ஒரு கட்டம் உண்டு.
டிக் அடித்தால் என் வேலை முடிந்தது,
பொட்டலம் வந்த வழியே திரும்பிவிடும்.
இதை அங்கே சொல்லவில்லை.
விரலை நக்கிக்கொண்டிருந்தேன்.

திம்மராயன் சாக்கைக் காலால் என் பக்கம் நகர்த்தினார்.
"வெளியாளு வந்தா அவங்களுக்குக் குடுத்துடுவோம்.
இன்னைக்கு நீதாம்மா லகுமையா."

'லகுமையா வீட்டுக்காக' என்று எழுதத் தொடங்கினேன்.
கோவிந்தி பேனாவைப் பிடித்தாள்:
"காக எல்லாம் வேணாம். பேரு மட்டும் எழுது."
எழுதினேன்.
நாலு கிலோ இருநூறு.

டிக்கியைத் திறந்து பையை எடுத்தேன்.
மடிப்பு கலையாமல் இருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
கன்னம் வெந்த பையன் மட்டும் சிரித்தான்.

போகும் வழியில் அந்த வீட்டைக் காட்டினார்கள்.
பூட்டுக்கு எண்ணெய் போட்டிருந்தது.

திங்கட்கிழமை, ராயக்கோட்டை ரோடு,
மூன்றாவது டெலிவரி.
மணி அடித்தேன், போன் போட்டேன்,
கதவு பூட்டியிருந்தது.
கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு
வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம் டிக் அடித்தேன்.
ரசீது கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.